அடுப்படியில் ஒரு தந்தை

இலக்கண நூலார் வகுத்த விதிகளுள் சில, காலவெள்ளத்தில் அடித்துச் செல்லப்படுவதுண்டு. தொல்காப்பியனார் பொருளதிகாரத்திலே பிரிவைப் பற்றிக் கூறுமிடத்து, கடல்வழிப் பயணத்தைப் பெண்டிரோடு மேற்கொள்ளும் வழக்கம் இல்லை என்று ஒரு விதி செய்து வைத்தார். பொருள் தேடப் புறப்படுபவன் தலைவன். வாயிற்படியில் நின்று வழி பார்த்திருப்பவள் தலைவி. சங்கப் புலவர்கள் இந்தக் காட்சியைத் திரும்பத் திரும்ப, ஆனால் ஒருபோதும் சலிக்காத வகையில் தீட்டிக் காட்டியிருக்கின்றனர்.

பதுளையிலே நான் ஆசிரியராகப் பணிபுரியும் கல்லூரியில், பத்தாம் வகுப்பு மாணவருக்கு ஒருநாள் இதனை விளக்கிக்கொண்டிருந்தேன். அப்பொழுது பின்வரிசையில் இருந்த ஒரு மாணவி எழுந்து நின்றாள்.

"சேர், தலைவி வெளிநாடு போனா அது என்ன திணை?"

வகுப்பு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். கேட்டவள் மட்டும் சிரிக்கவில்லை. வேறு சில பிள்ளைகளும் தலையைக் குனிந்துகொண்டிருந்ததைப் பின்னரே கவனித்தேன். அந்தப் பிள்ளைகளின் தாய்மார் அப்பொழுது குவைத்திலும் சவூதி அரேபியாவிலும் ஜோர்தானிலும் பிறர் வீட்டு அடுப்படிகளில் நின்றுகொண்டிருந்தார்கள்.

அந்த மாணவிக்கு உடனே விடை சொல்ல என்னால் இயலவில்லை. இந்தக் கட்டுரையை, சற்றுக் காலந்தாழ்த்தி அளிக்கும் விடையென்றே கொள்ளலாம்.

கோப்பி போயிற்று, தேயிலை வந்தது

நம் மலைநாட்டுக் குடும்பங்களின் வரலாறே பெயர்ச்சியின் வரலாறுதான். கோப்பிப் பயிர் செழித்திருந்த காலத்தில் திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை முதலிய பகுதிகளிலிருந்து கண்டிச்சீமைக்கு வந்தவர்களிற் பெரும்பாலோர் ஆடவர். கோப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் வந்து, பருவம் முடிந்ததும் தங்கள் ஊருக்குத் திரும்பினார்கள். மனைவி ஊரிலே இருந்தாள். கணவன் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழி நடந்தான். தொல்காப்பியரின் விதி அதுவரை பெருமளவுக்குப் பிழையாகிவிடவில்லை.

1867 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் என்பார் லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலையைப் பயிரிட்டார். 1869 ஆம் ஆண்டில் கோப்பி இலையில் ஒருவகைத் துரு நோய் கண்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி அழிந்து தேயிலை அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. பயிர் மாறியதோடு குடும்பத்தின் அமைப்பும் மாறியது. காரணம் எளியது. தேயிலைக்குப் பருவம் என்று ஒன்றில்லை. ஏறக்குறைய வாரத்துக்கு ஒருமுறை, ஆண்டு முழுவதும் கொழுந்து கிள்ளியாக வேண்டும். அதற்கு நிலையாகத் தங்கியிருக்கும் கைகள் வேண்டும். அந்தக் கைகள் பெண்களுடைய கைகளாக இருப்பதே நன்று எனத் தோட்டத் துரைமார் கருதினர். ஆகவே, கங்காணிமார் குடும்பம் குடும்பமாக ஆள் கட்டத் தொடங்கினார்கள். அம்மி, உரல், குலதெய்வத்தின் பிடிமண் எல்லாவற்றோடும் பெண்கள் கடல் கடந்தார்கள். இலக்கண விதி ஒன்று தேயிலைச் செடியின் அடியில் உரமாகிப் போயிற்று.

பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலை, தெமோதரை, ஹப்புத்தளை, கொஸ்லாந்தை என்று விரிந்து கிடக்கும் ஊவா மலைகளில் இந்தப் பெண்கள் குடியேறினர். ஆண்டின் நடுப்பகுதிக்குப் பின்னர் கச்சான் காற்று வறண்டு வீசும் மாதங்களில் இம்மலைகளிற் பறிக்கப்படும் கொழுந்துக்கு உலகச் சந்தையில் தனி மதிப்புண்டு. தேநீரின் மணத்தைப் பாராட்டும் வாய்கள் பல. அம்மணத்தைத் தன் கூடையிற் சுமந்தவளின் நிலை எவ்வாறு இருந்தது என்பதைச் சற்று நோக்குவோம்.

உழைத்த கையும் சம்பளம் வாங்கிய கையும்

பெண் சம்பாதித்தால் குடும்பத்தில் அவளுக்குச் சமவுரிமை தானாக வந்துவிடும் என்று சொல்வோர் உளர். அவர்கள் ஒருமுறை தோட்டத்து வரலாற்றைப் புரட்டிப் பார்த்தல் நலம். நகரத்துப் பெண்கள் உத்தியோகத்துக்குப் போவது நல்லதா தீயதா என்று பத்திரிகைகளில் விவாதம் நிகழத் தொடங்குவதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்னரே, மலைநாட்டுப் பெண் கூலி பெறும் உழைப்பாளியாகிவிட்டாள். ஆயினும், வீட்டில் அவள் நிலை உயர்ந்துவிடவில்லை.

விடியுமுன் தப்பொலி கேட்டு எழுவாள். ரொட்டி சுடுவாள், தண்ணீர் எடுப்பாள், கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விடுவாள், இடுப்பிற் படங்கு கட்டி, கூடையை முதுகிலே தொங்கவிட்டு மலையேறுவாள். மழையிலும் அட்டைக்கடியிலும் நின்று கொழுந்தெடுத்து, நிறுவை முடிந்து லயத்துக்குத் திரும்பும்போது பொழுது சாய்ந்திருக்கும். கவ்வாத்து வெட்டுதல், கான் வெட்டுதல் முதலிய ஆண்களின் வேலைகள் பெரும்பாலும் அளவு குறித்துக் கொடுக்கப்பட்டவை. அளவை முடித்தவன் நண்பகல் கழிந்ததும் வீடு திரும்பலாம். அவன் திரும்பிய நேரத்துக்கும் அவள் திரும்பிய நேரத்துக்கும் இடையில் அடுப்பு மட்டும் யாருக்காகவோ காத்துக் கிடந்தது. மாலையில் வந்தவளே விறகை ஒடித்து அதனை மூட்டினாள்.

கூலியிலோ வெளிப்படையான வேறுபாடு இருந்தது. 1927 ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் ஆணுக்கு ஒரு தொகையும் பெண்ணுக்கு அதனினும் குறைந்த ஒரு தொகையும் வகுத்தது. அச்சட்டத்தின்படி உயர்நிலத் தோட்டங்களில் முதலில் விதிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். ஏற்றுமதியில் நாட்டுக்கே சோறு போட்ட தொழிலின் மிக முக்கியமான வேலையைச் செய்தவளுக்குப் பதினொரு சதம் குறைவு! இந்த வேறுபாடு நீங்கிச் சமசம்பளம் வந்தது 1984 ஆம் ஆண்டிலேதான். இடையில் ஓடிய ஆண்டுகள் ஐம்பத்தேழு.

அந்தச் சம்பளமும் அவள் கைக்கு வந்ததா என்றால், அதுவும் ஐயமே. சம்பள நாளில் மனைவியின் கூலியைக் கணவனும், மணமாகாத மகளின் கூலியைத் தந்தையும் சென்று வாங்கி வருவது நெடுங்காலம் பல தோட்டங்களில் நிலவிய வழக்கம். அவள் அப்பொழுது மலையிலே கொழுந்தெடுத்துக்கொண்டிருப்பாள். உழைத்த கை ஒன்று. சம்பளம் வாங்கிய கை வேறொன்று. வாங்கியது வீடு வந்து சேருமுன் தவறணையில் எவ்வளவு தங்கிற்று என்பது அந்தந்த வீட்டுக்கே வெளிச்சம்.

இந்த நிலையைக் கண்டு பெண்கள் எல்லாரும் வாய்மூடி இருந்துவிட்டார்கள் என்று எண்ணுதல் தவறு. தொழிற்சங்கத் தந்தை எனப் போற்றப்படும் கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மையார், 1930களிலும் 1940களிலும் தோட்டந்தோறும் சென்று, தாமே இயற்றிய பாடல்களைப் பாடித் தொழிலாளரைத் தட்டியெழுப்பினார். மேடையில் ஒரு பெண் நின்று உரிமையைப் பற்றிப் பாடினாள் என்பதே, கேட்டுக்கொண்டிருந்த பெண்களுக்கு ஒரு பாடமாக இருந்திருக்கும்.

தந்தை வழியே வந்த உரிமை

1931 ஆம் ஆண்டில் இலங்கையில் சர்வசன வாக்குரிமை வந்தபோது, 21 வயது நிரம்பிய பெண்களும் வாக்காளரானார்கள். நிலையான குடியிருப்பை நிறுவியாக வேண்டும் என்ற தடைகள் இருந்தபோதிலும், தோட்டத்துப் பெண்களும் கணிசமான அளவில் வாக்களித்தனர். ஆனால், 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. இச்செய்தி மாணவர் பலரும் அறிந்ததே. அவர்கள் அவ்வளவாக அறியாத ஒன்றையும் இங்குச் சொல்ல வேண்டும். அச்சட்டத்தில் வம்சாவழிப் பிரஜாவுரிமை தந்தை வழியாகவே கணக்கிடப்பட்டது. தந்தை எங்கே பிறந்தான், பாட்டன் எங்கே பிறந்தான் என்று கேட்ட சட்டம், தாயைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. பத்து மாதம் சுமந்தவளிடமிருந்து குழந்தைக்கு நாடு கிடைக்கவில்லை! தாய் வழியாகவும் பிரஜாவுரிமை பெறலாம் என்ற திருத்தம் 2003 ஆம் ஆண்டிலேதான் வந்தது. நாடற்றவராய் எஞ்சியிருந்த இந்திய வம்சாவழியினருக்குப் பிரஜாவுரிமை வழங்கிய சட்டமும் அதே 2003 ஆம் ஆண்டில் நிறைவேறியது.

இவ்விரண்டுக்கும் இடையில் இன்னொரு பெயர்ச்சி நிகழ்ந்தது. 1964 ஆம் ஆண்டு அக்டோபர் 30 ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாக ஏற்பதென 1974 ஆம் ஆண்டில் முடிவாயிற்று. பதுளையிலிருந்தும் பண்டாரவளையிலிருந்தும் தலைமன்னாரை நோக்கிப் புறப்பட்ட கோச்சிகள் எத்தனையோ குடும்பங்களைப் பிரித்துச் சென்றன. கணவன் வீட்டார் இந்தியாவுக்கு விண்ணப்பித்திருந்தால் மனைவியும் புறப்பட வேண்டும். அவளுடைய தாய் தந்தையர் இங்கேயே நின்றுவிடுவார்கள். மேடையில் நின்ற தாயும் கோச்சியில் இருந்த மகளும் கைகோத்து அழுத அழுகையை, அந்நாளில் சிறுவராயிருந்தவர்கள் இன்றும் சொல்லக் கேட்கலாம். போவதா இருப்பதா என்ற கேள்விக்குக் குடும்பத்தின் சார்பில் விடையளித்தவர் பெரும்பாலும் ஆண்களே. போன இடத்தில் புதுக்குடித்தனம் கட்டும் பாரம் மட்டும் பெண் தலையில் விழுந்தது.

ஆயினும், காலம் ஒரேயிடத்தில் நின்றுவிடுவதில்லை. 2024 ஆம் ஆண்டு நவம்பரில் நடைபெற்ற பொதுத்தேர்தலில் பதுளை மாவட்டத்திலிருந்து அம்பிகா சாமுவேலும், நுவரெலியா மாவட்டத்திலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் பாராளுமன்றத்துக்குத் தெரிவானார்கள். தந்தை வழியின்றி நாடில்லை என்று சட்டம் சொல்லியிருந்த ஒரு சமூகத்தின் பெண்கள், சட்டம் இயற்றும் சபையில் இடம்பெற்ற நாள் அது.

கடலுக்கு அப்பால்

இனி, நம் மாணவியின் கேள்விக்கு வருவோம்.

1970களின் பிற்பகுதியில் எண்ணெய் வளத்தால் செல்வம் பெருகிய அரபு நாடுகள் வீட்டுவேலைக்குப் பெண்களை நாடின. இலங்கையில் இப்புறப்பாடு பெருகவே, 1985 ஆம் ஆண்டில் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் நிறுவப்பட்டது. 1990களில் வெளிநாடு சென்ற இலங்கையரிற் பெரும்பான்மையினர் பெண்களாகவே இருந்தனர். பின்னர் ஆண்களின் தொகை மிகுந்தது. அடையாள அட்டையும் பிரஜாவுரிமைப் பத்திரமும் இல்லாமையால் தோட்டத்துப் பெண்களிற் பலருக்கு இக்கதவு சற்றுப் பிந்தியே திறந்தது. அதற்கு முன்னர் கொழும்பு வீடுகளில் வேலைக்கு நின்றவர்களும், தையல் ஆலைகளுக்குச் சென்றவர்களும் இவர்களே. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட இலங்கையர் வேலை தேடி வெளிநாடு சென்றனர். தோட்டச் சம்பளத்தில் அரிசி வாங்குவதா, பிள்ளையின் கொப்பி வாங்குவதா என்று திகைத்த தாய்மாரும் அவர்களுள் இருந்தார்கள்.

ஆண்மகன் வெளியேறிப் பெண் வீட்டைத் தாங்குவது தமிழருக்குப் புதிதன்று. செட்டிநாட்டு ஆடவர் பர்மாவிலும் மலாயாவிலும் கடை வைத்திருந்த காலத்தில் ஆச்சிமார் பெருவீடுகளை ஆண்டனர். யாழ்ப்பாணத்து ஆடவர் மலாயாவில் எழுதுவினைஞராகவும் புகையிரத ஊழியராகவும் பணிபுரிந்தபோது, ஊரில் இருந்த மனைவியர் வயலையும் வளவையும் பார்த்துக்கொண்டனர். கேரளத்தில் வளைகுடா சென்ற கணவர்மாரின் வீடுகளிலும் அவ்வாறே. அங்கெல்லாம் ஆண் சென்றதால் ஏற்பட்ட வெற்றிடத்தைப் பெண் நிரப்பினாள், யாரும் வியக்கவில்லை. பெண் சென்றால் ஏற்படும் வெற்றிடத்தை யார் நிரப்புவது? இக்கேள்விக்கு நம் சமூகம் ஆயத்தமாகவில்லை.

2013 ஆம் ஆண்டில் அரசு ஒரு விதி கொண்டுவந்தது. வீட்டுவேலைக்காக வெளிநாடு செல்ல விரும்பும் பெண் தன் குடும்பப் பின்னணி பற்றிய அறிக்கையைச் சமர்ப்பிக்க வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையுடைய தாய் செல்லலாகாது. குழந்தையின் நலனைக் கருதி எழுந்த விதிதான். அதன் நோக்கத்தைக் குறைகூற மாட்டேன். அதே ஆண்டு ஜனவரியிலேதான், சிறுவயதிலேயே வயதைக் கூட்டிக் காட்டிய கடவுச்சீட்டோடு வேலைக்குச் சென்றிருந்த மூதூர்ப் பெண் றிசானா நபீக், சவூதி அரேபியாவில் மரண தண்டனைக்கு ஆளானாள், நாடே கலங்கியது. ஆனால், ஒன்றைக் கவனியுங்கள். கைக்குழந்தையை விட்டுச் செல்லும் தந்தையிடம் அத்தகைய அறிக்கை எதுவும் கேட்கப்படவில்லை. குழந்தை தாய்க்கு மட்டுமே உரியதென்று பத்திரம் எழுதினாற் போலாயிற்று. 2022 ஆம் ஆண்டில் இவ்விதிகள் தளர்த்தப்பட்டன. ஆனால், விதியின் அடியில் இருந்த எண்ணம் நம் உள்ளங்களில் தளர்ந்துவிட்டதா?

நான் செய்த பிழை

அந்த எண்ணம் என்னுள்ளேயே இருந்தது என்பதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமுண்டு; எனினும், ஒப்புக்கொண்டுதான் ஆகவேண்டும்.

கேள்வி கேட்ட அந்த மாணவி நாள்தோறும் பிந்தியே வருவாள். முதற்பாடம் பாதி கழிந்த பின்னர் ஈரக் காலணியோடு வாசலில் நிற்பாள். பல நாட் பொறுத்து, ஒருநாள் கடிந்துகொண்டேன். "நாளைக்குத் தாயாரை அழைத்து வந்தாலன்றி வகுப்புக்குள் வரவேண்டாம்" என்று கொப்பியில் எழுதியும் அனுப்பினேன். தந்தையை என்று எழுத எனக்குத் தோன்றவேயில்லை. மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

மூன்றாம் நாள், விறாந்தையின் ஓரத்தில் ஒருவர் கைகட்டி நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சேர், புள்ளையோட அம்மா வெளிநாட்டுல இருக்காங்க. வர முடியாதுங்க. நான் வந்தா சரியாகாதுங்களா?"

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. மெல்ல விசாரித்தேன். விடியற்காலையில் ரொட்டி சுட்டு, தம்பியைக் குளிப்பாட்டிப் பாடசாலைக்கு அனுப்பி, பாட்டிக்கு மருந்து கொடுத்து, அதன் பின்னரே அவள் பஸ்ஸுக்கு ஓடிவருகிறாள் என்பது தெரிந்தது. அவர் தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்கிறார். காலையில் பிரட்டுக்குப் போகுமுன் அவருக்கு ஒரு மணி நேரம் இருக்கிறது.

"அந்த நேரத்தில் நீங்கள் சமைக்கலாமே?" என்றேன்.

அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஆம்பளை அடுப்புக்கிட்டப் போனா லயத்துல சிரிப்பாங்க, சேர்."

அவருக்கு அறிவுரை கூற வாயெடுத்தேன். என் வீட்டு நினைவு வந்தது, வாயை மூடிக்கொண்டேன். என் மனைவியும் ஆசிரியை. இருவரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வீடு திரும்புகிறோம். நான் சாய்வு நாற்காலியில் அமர்ந்து பத்திரிகையை விரிப்பேன். அவள் சேலையைக்கூட மாற்றாமல் அடுப்படிக்குள் நுழைவாள். இருபது ஆண்டுகளில் ஒருநாளேனும் நான் ஒரு கோப்பை தேநீர் ஊற்றியதில்லை. லயத்திலே சிரிப்பார்கள் என்று அவர் அஞ்சினார். சிரிப்பதற்கு ஆளில்லாத வீட்டிலும் நான் செய்யவில்லை. எங்கள் இருவருள் யார் குறைந்தவர்?

"பாருங்கள், நானும் இதுவரை செய்ததில்லை. நாளை முதல் நானும் செய்து பார்க்கிறேன், நீங்களும் செய்து பாருங்கள்" என்று மட்டும் சொன்னேன். அவர் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

சுமை யார் தோளில்?

இந்த நிகழ்ச்சிக்குப் பின்னர், தாய் வெளிநாடு சென்ற மாணவரின் வீடுகளைப் பற்றி அக்கறையோடு விசாரிக்கலானேன். நான் அறிந்தவற்றைச் சுருங்கச் சொல்கிறேன்.

தாய் சென்றதும் தாயின் வேலை தந்தைக்குப் போய்ச் சேர்வதில்லை. முதலில் அது பாட்டிக்குப் போகிறது. பாட்டிக்கு இயலாதபோது மூத்த மகளுக்குப் போகிறது. ஒரு பெண்ணின் தோளிலிருந்து இன்னொரு பெண்ணின் தோளுக்குச் சுமை மாறுகிறதேயன்றி, ஆணின் தோள் பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கிறது. பிலிப்பைன்ஸ் முதலிய நாடுகளிலும் இவ்வாறே நிகழ்வதாக ஆராய்ச்சியாளர் எழுதியிருக்கின்றனர். தாய் எந்தக் கல்விக்காகக் கடல் கடந்தாளோ, அந்தக் கல்வியையே மூத்த மகள் இழந்துவிடுகிறாள். இதைக் காட்டிலும் கொடிய முரண்பாடு வேறென்ன?

என் வருகைப் பதிவேட்டில் ஒரு பெயரின் மேல் சிவப்புக் கோடு ஒன்று இருக்கிறது. கணக்கிலே கெட்டிக்காரி. தாய் சென்ற ஆண்டில் ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டாள். தந்தை, வந்த பணத்தையெல்லாம் குடித்துத் தீர்த்தார். நான் வீடு தேடிச் சென்றபோது அவள் கைக்குழந்தையான தங்கையை இடுப்பில் ஏந்தி நின்றாள். "அம்மா வந்ததும் வாறேன், சேர்" என்றாள். தாய் வந்தபோது அவளுக்குப் படிக்கும் வயது கடந்திருந்தது. அந்தக் கோட்டைக் காணும்போதெல்லாம், சில மாதங்கள் முந்தியே நான் சென்றிருக்கலாகாதா என்று மனம் அரிக்கிறது.

மறுபக்கமும் உண்டு. வெளிநாடு சென்று வந்த பெண்களிற் பலர், சென்றபோது இருந்தவர்களாகத் திரும்புவதில்லை. தன் பெயரில் வங்கிக் கணக்கு வைத்திருக்கிறாள். பாரம் நிரப்பத் தெரிந்திருக்கிறாள். விமான நிலையத்தில் தனியாக வழி கேட்டுச் சென்றவளுக்குப் பதுளைக் கச்சேரியில் பேச அச்சமில்லை. மகளைப் பதினெட்டு வயதில் கட்டிக்கொடுக்கலாமா என்ற பேச்சு வரும்போது, "அவ படிக்கட்டும்" என்று சொல்லும் குரல் இப்பொழுது தாயிடமிருந்து வருகிறது. அந்தக் குரலுக்கு வீட்டில் மதிப்பும் இருக்கிறது. சம்பளத்தைக் கணவன் கையில் விட்ட பாட்டியின் பேத்தி இவள் என்பதை மறத்தலாகாது. ஆயினும், ஊரார் நாவு இவளை எளிதில் விடுவதில்லை. பிள்ளை பரீட்சையில் தவறினால், "தாய் இல்லாத வீடுதானே" என்பார்கள். தந்தை இருந்த வீடு அது என்பதை ஒருவரும் நினைப்பதில்லை.

தலைவியின் திணை

இனி என் மாணவியின் கதையை முடித்துவிடுகிறேன்.

அடுத்த வாரம் அவள் மணியடிக்குமுன் வந்துவிட்டாள். "ரொட்டி கருகிடுச்சு, சேர், ஆனா நேரத்துக்கு வந்துட்டேன்" என்றாள். லயத்திலே முதலிற் சிரித்தார்களாம். பத்து நாளில் சிரிப்பு ஓய்ந்துவிட்டதாம். பக்கத்துக் காம்பராவில் மனைவி வெளிநாடு சென்றிருந்த இன்னொருவர், மாவு பிசையும் பக்குவம் கேட்டு வந்தாராம்.

ஓராண்டுக்கு மேலாயிற்று. பெற்றோர் கூட்டத்துக்கு ஒருநாள் கணவனும் மனைவியுமாக இருவரும் வந்தார்கள். இம்முறை நாற்காலியில் முதலில் அமர்ந்தவர் தாயே. மகளின் புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, விஞ்ஞானத்தில் ஏன் குறைந்தது என்று என்னையே கேட்டார். தாம் அனுப்பிய பணத்தில் ஒரு பகுதியை மகளின் பெயரில் வங்கியில் இட்டிருப்பதாகச் சொன்னார்.

"வீட்டு வேலை எல்லாம் பழையபடி உங்களிடம் வந்துவிட்டதா?" என்று கேட்டேன்.

அவர் கணவனைப் பார்த்தார். கணவர் சிறிது நாணத்தோடு, "அந்தி அடுப்பு அவுங்களுக்கு, சேர். காலை அடுப்பை நான் திருப்பிக் கொடுக்கலை" என்றார்.

வாசகர்களே, பெரிய புரட்சி எதுவும் இங்கு நிகழ்ந்துவிடவில்லை. தோட்டச் சம்பளம் வாழ்வுக்குப் போதுமானதாக இருந்திருந்தால், அந்தத் தாய் குழந்தைகளைப் பிரிந்தே இருக்கமாட்டார். அந்தக் குறையை அரசும் கம்பனிகளும் தொழிற்சங்கங்களுமே தீர்க்க வேண்டும். கணவன் ரொட்டி சுடுவதால் அது தீராது. ஆனால், தாய் செல்லத்தான் வேண்டும் என்று ஒரு குடும்பம் முடிவு செய்யுமானால், அந்த முடிவோடு இன்னொரு முடிவையும் சேர்த்தே செய்ய வேண்டும்: அவள் விட்டுச் செல்லும் வேலையை மகளின் தலையில் இறக்குவதில்லை என்பதே அது. ஆசிரியர்களாகிய நாமும் கொப்பியில் "தாயாரை அழைத்து வருக" என்று எழுதுமுன் ஒரு கணம் பேனாவை நிறுத்துவோமாக. மாணவராகிய இளைஞர்களே, நீங்கள் இன்றே தேநீர் ஊற்றக் கற்றுக்கொள்ளுங்கள். நான் நாற்பது கடந்த பின்னர் கற்றுக்கொண்டேன். முதல் கோப்பையில் சீனி போட மறந்துவிட்டேன்.

தலைவி வெளிநாடு சென்றால் அது என்ன திணை என்று கேட்டாயல்லவா, மகளே? பிரிவு யாருடையதாயினும் அது பாலைதான், அதில் மாற்றமில்லை. ஆனால், ஆற்றியிருந்து இல்லறங் காக்கும் முல்லை பெண்ணுக்கே உரியதென்று நான் இவ்வளவு காலமும் கற்பித்து வந்தேன். அதைத் திருத்திக்கொண்டேன். விடியற்காலையில் அடுப்பின் முன் குந்தியிருந்து, கருகிய ரொட்டியைப் புரட்டிப் போடும் உன் தந்தையும் முல்லைத்திணைக்கு உரியவரே.